குறத்தி பார்த்த கையும் வாசகர் பார்க்கும் பத்தியும்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் விராலிமலை இருக்கிறது. மலைமேல் ஆறுமுகன் மயில்மீது அமர்ந்திருக்கிறான். அருணகிரிநாதர் பாடிய தலம் இது. இந்த ஊருக்கென்றே, குறத்தி குறி சொல்லும் நாடக வகையான குறவஞ்சி ஒன்று உண்டு. கோயிலில் சதிர் என்னும் நடனம் ஆடிய பெண்கள் விராலிமலைக் குறவஞ்சியைத் தாங்களே பாடி, தாங்களே ஆடினார்கள். அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இக்கோயிலில் பணி செய்த 32 பெண்களில் அவர் ஒருவர்.

கதை படிக்கிறவர்களுக்கும் கதை சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் ஓயாமல் எழும் கேள்வி ஒன்றை இந்த ஊரில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பாத்திரம் தன் வாயால் சொல்லாத உணர்ச்சி நமக்கு எப்படித் தெரிகிறது? குறவஞ்சி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சிறுகதை வேறொரு வழி வைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே நிறுத்துவதே இக்கட்டுரையின் வேலை. முடிபை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: குறவஞ்சியில் மறைந்த மனத்தைப் படித்துச் சொல்ல ஒரு குறத்தி மேடைக்கே வருகிறாள். சிறுகதை அந்தக் குறத்தியை வெளியே அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் வாசகரை உட்கார வைத்தது. ஆகவே நல்ல வாசகர் ஆக விரும்புகிறவர் குறத்தியிடம் சிலவற்றைக் கற்கலாம். சிலவற்றை அவளிடமே விட்டுவிட வேண்டும்.

குறத்தியின் முறை

குறவஞ்சிகளின் கட்டுக்கோப்பு பெரும்பாலும் ஒன்றே. கட்டியக்காரன் வருகிறான். தலைவன் உலா வருகிறான். அவன் கடவுளாகவும் இருக்கலாம், அரசனாகவும் இருக்கலாம். பந்தடித்துக்கொண்டிருக்கும் தலைவி அவனைப் பார்க்கிறாள். அந்த நொடியிலிருந்து அவளுக்கு நிலவு சுடுகிறது, தென்றல் பகையாகிறது. தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது கையில் கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி நுழைகிறாள்.

அவள் நுழைந்தவுடன் குறி சொல்வதில்லை. முதலில் தன் மலையைப் பாடுகிறாள். அங்கே என்ன பூக்கிறது, எந்த விலங்கு எதனோடு திரிகிறது, அருவி எங்கே விழுகிறது என்று விரிவாகச் சொல்கிறாள். பிறகு தான் போய்வந்த நாடுகளைச் சொல்கிறாள். தரையை மெழுகிக் கோலமிடச் சொல்கிறாள், பிள்ளையார் வைக்கிறாள், விளக்கும் நெல்லும் கேட்கிறாள், தெய்வங்களை அழைக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகுதான் தலைவியின் கையை வாங்கிப் பார்க்கிறாள். அப்போதும் பெயரை உடைத்துச் சொல்லிவிடுவதில்லை. சுற்றி வருகிறாள், விடுகதை போடுகிறாள், தலைவியின் முகம் எங்கே மாறுகிறது என்று கவனிக்கிறாள்.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் இந்த இடம் மிக நுட்பமானது. காதல் நோய் என்று குறத்தி சொன்னதும் வசந்தவல்லி சீறுகிறாள். கன்னிப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்கிறாள். குறத்தி அசையவில்லை. அந்தச் சீற்றமே அவளுக்கு இன்னொரு சான்றாகிவிடுகிறது. உள்ளதை மறுக்கிற வேகத்தில் உள்ளது வெளிப்படும் என்பது அவளுக்குத் தெரியும்.

விராலிமலைச் சதிரில் குறி சொல்லும் பகுதியை ஆடும் பெண் ஒருத்தியே பாடுகிறாள், கை காட்டுகிறாள், கண்ணால் பேசுகிறாள். ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் கையும் முகமும் வேறொரு பொருளைக் கொண்டுவரும். சொல் மாறவில்லை; சொல்லின் அடியிலிருக்கும் மனநிலை மாறிக்கொண்டே போகிறது. பார்க்கிறவர்களுக்குக் கதையின் முடிவு முன்பே தெரியும். தலைவி யாரை நினைக்கிறாள் என்பது யாருக்கும் புதிர் இல்லை. தெரிந்த ஒன்று எப்படித் தெரியவருகிறது என்பதில்தான் சுவை.

வேலனும் குருகும்

குறத்திக்கு முன்னோர் உண்டு. சங்க அகப்பாடல்களில் மகள் மெலிவதைப் பார்த்த தாய், குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அல்லது முருகனுக்கு வெறியாடும் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து, இது முருகனால் வந்த நோய் என்கிறான். ஆடு பலியாகிறது, களம் ஒப்பனை பெறுகிறது, ஆட்டம் நடக்கிறது. நோய் தீரவில்லை. நோய்க்குக் காரணமானவன் மலைநாட்டு இளைஞன் ஒருவன். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் தோழி முருகனையே நேர்நின்று கேட்கிறாள்: இது உன்னால் வந்ததில்லை என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்தாயே, கடவுளானாலும் நீ அறியாதவன்தான் என்கிறாள். முருகன் மலையில் நின்று இந்தப் பாட்டை நினைக்கும்போது அந்தத் தோழியின் துணிவு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

வேலனின் தவறு எது? அவன் அறிகுறிகளைப் பார்க்காமல் இல்லை. வளை நெகிழ்ந்ததும் மேனி வெளுத்ததும் அவன் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் விடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவனிடம் ஒரே விடைதான்.

இதற்கு மாறாக ஔவையாரின் பாட்டு ஒன்று குறுந்தொகையில் 23-ஆவதாக இருக்கிறது. கட்டுவிச்சி மலைகளை வரிசையாகப் பாடிக்கொண்டு வருகிறாள். ஒரு மலையைப் பாடியதும் தோழி குறுக்கிட்டு, அவருடைய அந்த மலையை இன்னொரு முறை பாடு என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. யார் அந்த ‘அவர்’ என்று தாய்க்குக் கேள்வி எழ வேண்டும். எழுந்தால் எல்லாம் விளங்கும். மறைந்த உணர்ச்சியை வெளியே கொண்டுவரத் தோழிக்கு மலை வருணனை ஒன்று போதுமாயிருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போனது கபிலரின் பாட்டு, குறுந்தொகை 25. தலைவன் தன்னைக் கூடிய நாளைத் தலைவி நினைக்கிறாள். அங்கே சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால் கொண்ட குருகு ஒன்று மட்டும், ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அவள் பயத்தைச் சொல்லவில்லை. அவன் ஏமாற்றிவிட்டால் என் கதி என்ன என்று ஒரு வரி கேட்கிறாள். பிறகு பறவையின் காலையும் பார்வையையும் வருணிக்கிறாள். கவனமாகப் பார்த்தால் அவளுடைய தனிமை முழுவதும் அந்தப் பறவையில் இருக்கிறது. கண் இருந்த ஒரே உயிர், அதுவும் தன் இரையைத்தான் பார்த்தது. இங்கே குறத்தி இல்லை. விளக்கிச் சொல்ல யாரும் வரவில்லை. குருகைப் படிக்க வேண்டியவர் பாட்டைக் கேட்பவர்.

தொல்காப்பியம் இந்த இரு வழிகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. உடலில் தெரியும் உணர்ச்சியை மெய்ப்பாட்டியலில் எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வெளியே உள்ள பூவிலும் பறவையிலும் விலங்கிலும் தங்கியிருக்கும் குறிப்பை உள்ளுறை, இறைச்சி என்று பேசுகிறது. சதிர் முதல் வழியில் வளர்ந்தது. சிறுகதை இரண்டாம் வழியில் வளர்ந்தது. நவீனச் சிறுகதை மேற்கிலிருந்து வந்த வடிவம் என்பது உண்மை. ஆனாலும் தமிழ் வாசகர் அதைப் படிக்கக் கையில் எடுத்தபோது, குருகைப் பார்க்கப் பழகிய கண் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

இரண்டு ரயில் கதைகள்

சிறுகதையின் வழியைக் காண இரண்டு கதைகளை எடுத்துக்கொள்கிறேன். கு.ப.ராஜகோபாலன் (1902–1944) எழுதிய ‘விடியுமா?’, தி.ஜானகிராமன் (1921–1982) எழுதிய ‘சிலிர்ப்பு’. இரண்டும் கும்பகோணத்தைத் தொட்ட ரயில் பயணங்கள். இரண்டிலும் ஓர் ஆண் பார்த்துச் சொல்கிறான். அவன் பார்ப்பது ஒன்றில் ஒரு பெண்ணை, மற்றதில் ஒரு சிறுமியை.

‘விடியுமா?’ கதையில் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. கணவனின் பெயரும், அபாயம் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும் மட்டுமே அதில் இருக்கின்றன. தம்பி தன் அக்காவை இரவு ரயிலில் அழைத்துக்கொண்டு போகிறான். இருப்பானா, போய்விட்டானா என்பதைக் கதை முழுவதும் யாரும் உறுதியாகப் பேசுவதில்லை. பேச முடியாது. அதனால் அந்தப் பேச்சு வேறு இடங்களில் போய் ஒதுங்குகிறது: ரயில் எந்த ஊரைக் கடக்கிறது, மணி என்ன, உடன் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், அக்காவின் முகம் இப்போது எப்படி இருக்கிறது. தம்பியின் கண் அவளையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் சுமங்கலியாகத் தெரிகிற ஒவ்வொரு அடையாளத்தையும் அவன் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு பதைக்கிறது. நாளை இதெல்லாம் இருக்குமா என்று அவன் கேட்கவில்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்பதே அந்தக் கேள்வியைச் சுமக்கிறது. முடிவில் பொழுது விடிகிறது, சாவுச் செய்தியோடு விடிகிறது. அத்தனை நேரம் இழுத்துக்கொண்டிருந்த ஐயம் அறுந்துபோன ஓய்வையும் அந்த விடியலில் உணர முடிகிறது. துக்கத்துக்குள் ஓய்வு இருக்க முடியும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணிவதில்லை. கதை வெளிச்சத்தைக் கொண்டு அதைச் சொல்லிவிடுகிறது.

‘சிலிர்ப்பு’ கதையில் தந்தை தன் சிறு மகனோடு பயணம் செய்கிறார். அதே பெட்டியில் ஒரு சிறுமி, கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்காக அனுப்பப்படுகிறாள். குழந்தையாக இருக்க வேண்டிய வயதில் பெரியவளின் பொறுப்போடு அவள் நடந்துகொள்கிறாள். அவள் அழுவதில்லை, அவளுக்காக ஆசிரியர் அழுவதும் இல்லை. பையன் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான். பிரியும் நேரத்தில் அதை அவளிடம் கொடுத்துவிடுகிறான். தந்தைக்கு உடல் சிலிர்க்கிறது.

இரண்டையும் நேர் வைத்துப் பார்த்தால் நுட்பமான வேறுபாடு ஒன்று தெரிகிறது. கு.ப.ரா. உணர்ச்சியை இறுதிவரை பொருள்களிலும் நேரத்திலும் வெளிச்சத்திலும் ஒளித்து வைக்கிறார். அது கபிலரின் குருகுக்குப் பக்கத்தில் நிற்கும் வழி. தி.ஜா. உணர்ச்சியை ஆரஞ்சில் சேர்த்து வைத்து, கடைசியில் ஓர் உடலில் அதை வெளிப்பட விடுகிறார். அந்த இடத்தில் மெய்ப்பாடு வருகிறது, சதிருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது: சிலிர்த்தது தந்தையின் உடல். சிறுமிக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைத் தி.ஜா. திறக்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்ட அந்தக் கை எதை நினைத்தது என்பது நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. எது திறக்கப்பட வேண்டும், எது மூடியே இருக்க வேண்டும் என்று அளந்து வைத்திருக்கும் கை அது.

ஒரு நிறுத்தம், இரண்டு பத்திகள்

பெரியவர்களின் கதைகளை விட்டு, இந்தக் கட்டுரைக்காகவே நான் எழுதிய இரண்டு சிறு பத்திகளை இங்கே வைக்கிறேன். 1982-இல் மறைந்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் கார்ட்னர் தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருவார்: போரில் மகனை இழந்த ஒரு தந்தையின் கண்ணில் தெரியும் தானியக் கொட்டகையை வருணிக்க வேண்டும், மகன், போர், சாவு என்ற எதையும் குறிப்பிடக் கூடாது. பிறகு அதே கொட்டகையை, அதே வானிலையில், காதலில் மகிழ்ந்திருக்கும் ஒருவரின் கண்ணால் வருணிக்க வேண்டும். காதலைக் குறிப்பிடக் கூடாது. அந்தப் பயிற்சியை விராலிமலைப் பேருந்து நிறுத்தத்தில் செய்து பார்க்கலாம்.

முதல் பத்தி: திருச்சிப் பேருந்து வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. பையைத் திறந்து சோற்று டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. மலைப்படியில் வெயில் பாதிவரை இறங்கியிருந்தது. பூக்காரம்மா ஈரத்துணியை உதறி மல்லிகைமேல் மறுபடி போர்த்தினாள். மயில் ஒன்று சுவரிலிருந்து குதித்து, தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாகச் சாலையைக் கடந்தது. ஒரு லாரி அதற்காக நின்றது. அடுத்த பேருந்து எப்போது என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

இரண்டாம் பத்தி: திருச்சிப் பேருந்து வந்து நின்றது. ஐந்து நிமிடம் தாமதம். சன்னலோரம் மூன்று இடம் காலி. அவள் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பூக்காரம்மா நேற்றைய சரத்தைப் புதுச் சரத்துக்கு நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்; எத்தனையோ நாள் அவளிடம் வாங்கியும் இது கண்ணில் பட்டதே இல்லை. சுவர்மேல் நின்ற மயில் கத்தியது, விடாமல் கத்தியது. மடியிலிருந்த சோற்று டப்பாவைக் கீழே, காலடியில் வைத்தாள்.

பேருந்து, பூ, மயில், மலை, சோறு ஆகிய ஐந்தும் இரண்டு பத்தியிலும் உள்ளன. எந்த உணர்ச்சியின் பெயரும் எங்கும் இல்லை. ஆயினும் இருவரையும் ஒரே மனநிலையில் இருப்பவர்களாக யாரும் படிக்க மாட்டார்கள். எப்படி?

முதலாமவள் நேரத்தை அளக்கவில்லை, சூட்டை அளக்கிறாள். இரண்டாமவள் தாமதத்தையும் காலி இடத்தையும் எண்ணுகிறாள். முதலாமவளின் கண்ணில் பூவுக்கு ஈரம் போர்த்தும் கை படுகிறது. அது ஒன்றை வாடாமல் காக்கிற செயல். இரண்டாமவளின் கண்ணில் பழையதைப் புதியதற்குள் மறைக்கும் கை படுகிறது. அதோடு, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்ற எண்ணமும் வருகிறது. ஒருத்தி மலையைப் பார்க்கிறாள். இன்னொருத்தி முதுகைக் காட்டுகிறாள். ஒருத்தி சோற்றைத் தொடுகிறாள். இன்னொருத்தி மடியிலிருந்து இறக்குகிறாள்.

இதிலிருந்து நியாயமாக என்ன சொல்லலாம்? முதலாமவள் காத்திருக்கிறாள், அந்தக் காத்திருப்பு அவளுக்குச் சுமையாக இல்லை என்று சொல்லலாம். இரண்டாமவள் ஏதோ ஏமாற்றத்தை அண்மையில் அறிந்திருக்கிறாள், இந்த ஊரை விட்டுப் போக விரும்புகிறாள் என்று சொல்லலாம். முதலாமவள் காதலனுக்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்ல முடியுமா? முடியாது. தம்பியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், ஆலையில் இரவு வேலை முடித்து வரும் கணவனாகவும் இருக்கலாம். சூடான சோறு ஒருவர் வருகிறார் என்பது வரைக்கும் கொண்டுபோகிறது. அதற்கு மேல் கொண்டுபோகவில்லை. இரண்டாமவளை ஏமாற்றியவர் யார் என்பதும் அப்படியே. வாசகர் நிற்க வேண்டிய எல்லை அது.

எழுதியிருப்பது எது, எழுதியதன் தூண்டுதலால் உறுதிப்படுவது எது, நாமாகச் சேர்ப்பது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் பழக்கம் மாணவர்களுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேர்வுத்தாளில் பாத்திரத்தின் மனநிலையை விளக்குக என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதுதான் விடையாக வருகிறது. அது வேலனின் விடை.

மயில் என்ன சொல்கிறது

குறத்தி ஏன் முதலில் மலையைப் பாடுகிறாள் என்பது இங்கே விளங்குகிறது. ஓர் இடத்தில் எது வழக்கம் என்று தெரியாமல், எது அறிகுறி என்று சொல்ல முடியாது.

மயிலை எடுத்துக்கொள்வோம். மயில் அரிதான ஊரை வைத்து எழுதிய கதையில் தெருவில் மயில் வந்தால் அது நிகழ்ச்சி. விராலிமலையில் அது அன்றாடம். ஓட்டுக்கூரையிலும் மதில்சுவரிலும் வயல்வரப்பிலும் மயில் நிற்கும். ஆகவே இந்த ஊர்க் கதையில் மயில் வந்தது என்பதால் மட்டும் மகிழ்ச்சி என்றோ காதல் என்றோ பொருள் கொள்ளக் கூடாது. குறிஞ்சி, முருகன், மயில், புணர்ச்சி என்று மனப்பாடம் செய்த வரிசையைக் கதைமேல் ஒட்டினால் நாமும் கழங்கு போடுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

அந்த மயிலை யார் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். படியேறும் பக்தருக்கு அது முருகனின் ஊர்தி. வெளியூரிலிருந்து வந்த குழந்தைக்கு வியப்பு. நிலக்கடலை விதைத்துவிட்டு வரப்பில் நிற்கும் விவசாயிக்கு அது இழப்பு. 1963 முதல் மயில் நாட்டின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை அடிக்க முடியாது. கும்பிடும் கடவுளின் வாகனம் என்பதால் அடிக்க மனமும் வராது. விதையைக் கொத்தும் பறவையை ஒரு விவசாயி கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பதாக ஒரு கதை எழுதினால், அந்த நிற்றலுக்குள் பக்தி, கோபம், அச்சம், கடன் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். மயில் அகவுகிறது என்று எழுதினால் ஒரு மனநிலை, கத்துகிறது என்று எழுதினால் வேறொரு மனநிலை. பறவையின் குரல் மாறவில்லை. கேட்கும் நெஞ்சு மாறியிருக்கிறது.

ஊரைத் தெரிந்துகொள்ளாமல் வருணனையைப் படிப்பவர் பாதியைத் தவறவிடுவார். ஊரை மட்டும் தெரிந்துகொண்டு பாத்திரத்தைப் பாராதவர் மறுபாதியைத் தவறவிடுவார். மலையைப் பாடிவிட்டுக் கையைப் பார்த்த குறத்தி இரண்டையும் செய்தாள்.

நேருக்கு நேர்

இப்போது இரு வழிகளையும் எதிரெதிரே நிறுத்தலாம்.

அறிகுறி இருக்கும் இடம் வேறு. குறவஞ்சியில் அது தலைவியின் உடலில் இருக்கிறது: மெலிவு, வெளுப்பு, பெருமூச்சு, சீற்றம். நிலவும் தென்றலும் வந்தாலும் அவை சுடுகின்றன என்று அவளே சொல்லிவிடுகிறாள். சிறுகதையில் அது சோற்று டப்பாவில், தந்தியில், பழத்தில், சன்னல் வெளிச்சத்தில் இருக்கிறது. அவை இன்னதைக் குறிக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை.

உறுதியின் அளவு வேறு. குறி பலித்தே தீரும். தலைவன் மாலை தருவான், குறத்திக்குப் பரிசு கிடைக்கும். சிறுகதையில் வாசகரின் குறி பலித்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் என்ற இடத்தில் நிற்கப் பழக வேண்டும். அந்த நிலையில் இருப்பது கடினம். ஆனால் வாழ்க்கையில் மற்றவர் மனத்தை நாம் அறிவது எப்போதும் அந்த அளவில்தான்.

காலத்தைக் கையாளும் விதம் வேறு. சதிரில் ஒரே அடி பலமுறை வந்து ஒவ்வொரு மடிப்பாக விரிகிறது. பார்ப்பவர் ஒரு முறை தவறவிட்டாலும் அடுத்த முறை பிடித்துக்கொள்ளலாம். சிறுகதையில் குறிப்பு ஒரே முறை வந்து போய்விடும். மறுபடி காட்ட ஆள் இல்லை என்பதால் வாசகர்தான் திரும்பி வர வேண்டும். கதையை இரண்டாம் முறை படிப்பது, சதிரில் அடி திரும்பி வருவதற்கு ஈடான செயல்.

படிப்பவரின் நிலை வேறு. குறத்திக்கு வயிறு இருக்கிறது. சேலையும் நெல்லும் நகையும் வேண்டும். ஆகவே தலைவி கேட்க விரும்புவதையே நல்ல சொல்லாக்கித் தருகிறாள். இதை வாசகர் அவளிடம் கற்கக் கூடாது. நமக்குப் பிடித்த பாத்திரத்திடம் நல்லெண்ணத்தை மட்டும் கண்டுபிடிப்பதும், பிடிக்காதவரிடம் வஞ்சகத்தை மட்டும் கண்டுபிடிப்பதும் பரிசு வாங்கிக்கொண்டு குறி சொல்வதுதான்.

குறவஞ்சி சிறுகதையைவிட மேலோங்கும் இடம் ஒன்றும் உண்டு. அதில் உணர்ச்சியை அறிவது தனிமையில் நடப்பதில்லை. தலைவி, தோழி, குறத்தி, கூடியிருக்கும் ஊர் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணின் மனத்தை அறிகிறார்கள். அறிந்ததும் அவளை நோக்கி ஒரு நன்மை நகர்கிறது. சிறுகதை வாசகர் தனியே அறிகிறார். அந்த ரயில் சிறுமிக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இயலாமையும் கதையின் பயன்களில் ஒன்றுதான். அது புத்தகத்தை மூடிய பிறகு வெளியே உள்ள சிறுமிகளைப் பார்க்க வைக்கிறது.

பார்க்கப்படாத கலை

இந்த ஒப்பீட்டுக்கு விராலிமலை வெறும் பின்னணி இல்லை. வேலனின் வாசிப்பால் நேர்ந்த இழப்பை இந்த ஊரே பட்டிருக்கிறது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய முத்துலட்சுமி ரெட்டி இதே புதுக்கோட்டைச் சீமையில் 1886-இல் பிறந்தவர். பெண்களைக் கட்டிப்போட்ட ஒரு வழக்கம் ஒழிந்தது நியாயம். ஆனால் வழக்கத்தின்மேல் சொன்ன தீர்ப்பைச் சமூகம் அந்தப் பெண்களின்மேலும், அவர்கள் கையிலும் கண்ணிலும் வாழ்ந்த கலையின்மேலும் சேர்த்தே எழுதிவிட்டது. அவர்கள் எதை ஆடினார்கள், ஓர் அடிக்கு எத்தனை மனநிலை காட்டினார்கள் என்று பார்க்கப் பலர் நிற்கவில்லை. விடை முன்பே கையில் இருந்தது. முத்துக்கண்ணம்மாள் எண்பது வயதைக் கடந்த பிறகுதான் நாடு அவரை அழைத்து விருது தந்தது.

கதையில் மறைந்த உணர்ச்சியைப் படிக்கக் கற்பதை மதிப்பெண்ணுக்கான திறமையாக மட்டும் நான் கருதாததற்குக் காரணம் இதுதான். மகள் மெலிவதைக் கண்ட சங்கத் தாய் அன்பில்லாதவள் அல்லள். ஆட்டைக் கொடுத்தாள், செலவு செய்தாள், வேலனை அழைத்தாள். எந்த மலையைப் பற்றிய பாட்டைக் கேட்டபோது மகளின் முகம் மலர்ந்தது என்பதை மட்டும் பார்க்கவில்லை. அன்பு இருந்தும் கவனம் இல்லாத இடத்தில் நடக்கும் தவறு அது. நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அது இன்றும் நடக்கிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. ஒரு கதையைக் கையில் கொடுத்ததும் இந்தப் பாத்திரத்தின் உணர்ச்சி என்ன என்று கேட்காதீர்கள். முதலில், இந்த இடம் எப்படிப்பட்டது, இங்கே எது வழக்கம் என்று கேளுங்கள். அடுத்து, பாத்திரத்தின் கண் எங்கே போகிறது, எதைத் தொடுகிறது, எதைத் தவிர்க்கிறது என்று கேளுங்கள். அதன் பிறகு உணர்ச்சியைக் கேளுங்கள். கடைசியாக, உன் விடைக்கு எந்தச் சொல் சான்று, எந்த இடத்துக்கு மேல் உன்னால் சொல்ல முடியாது என்று கேளுங்கள். முதல் மூன்றும் குறத்தியின் வரிசை. நான்காவது கேள்வி அவளிடம் இல்லாதது. அதைச் சிறுகதை நமக்குக் கொடுத்தது. இரண்டு மரபும் கைவசம் உள்ள மொழியில் படிக்கிற குழந்தை இந்த நான்கையும் கற்றுக்கொண்டால், வாய் திறந்து சொல்லாத மனிதர்களிடமும் அது பொறுமையோடு நடந்துகொள்ளும்.